பந்துமேட்டின் கழுத்துக் கோடுகள்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை தெரிந்தவர்கள் வாயைத் திறக்காமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். மேடேறினால் குறையும், நின்றால் கூடும்; தூங்கி எழுந்ததும் கேட்டால் பெருமை பேசும், வேலைக்கு நடுவில் கேட்டால் புலம்பும்; உடையவருக்குத் தெரியாது, பின்னால் நிற்பவருக்குத் தெரியும். அது என்ன?

உங்களில் சிலர் பாதி விடையைப் பிடித்திருப்பீர்கள். மீதிப் பாதிக்கு மேல்கொம்பை வரைக்கும் வரவேண்டும்.

மேல்கொம்பை மலைமேல் இருக்கிற ஊர். வெள்ளைக்காரர்கள் அங்கே இருந்த காலத்தில் ஒரு மலைச்சரிவு முழுவதையும் மரம் மட்டை இல்லாமல் வழித்தெடுத்து, புல் வளர்த்து, ஒன்பது குழி தோண்டி, குழிக்கொரு கொடி நட்டு, தடியால் பந்தடித்து விளையாடினார்கள். அவர்கள் போன பிறகும் குழிகள் போகவில்லை, பந்தடிக்க வருகிறவர்களும் குறையவில்லை. ஊரார் அந்த இடத்தைப் பந்துமேடு என்பார்கள். அங்கே புல் வெட்டுகிறவர்கள், குந்தியபடி களை பிடுங்குகிறவர்கள், ஆட வருகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறவர்கள், அவர்களைக் குழிக்குக் குழி பேட்டரி காரில் ஏற்றிப்போகிற பெண்கள் என்று எல்லோருக்கும் சரிவின் அடியில் வரிசையாகச் சுவரோடு சுவராகக் கட்டின லைன் வீடுகள் உண்டு. பேட்டரி கார் ஓட்டுகிறவர்களில் ஒருத்தி பவுனம்மாள். அவளுடைய ஒரே மகள் இளவேனில், ஐந்தாம் வகுப்பு, வீட்டில் வேனி.

வேனி எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது பள்ளிக்கூடத்துப் பலகையில் இல்லை, வண்டி ஷெட்டின் சுவரில். வண்டிகளைக் கொண்டுவந்து விட்ட மெக்கானிக், ஓட்டுகிற பெண்களுக்காக நீல பெயின்டில் பெரிய எழுத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தார்: மேடேறும்போது மீட்டரைப் பார்க்காதே, குறைத்துக் காட்டும். சார்ஜிலிருந்து எடுத்ததும் பார்க்காதே, கூட்டிக் காட்டும். நிறுத்து, ஆறவிடு, பிறகு பார். அதற்குக் கீழே, தண்ணீர் ஒழுகி அரைகுறையாய் அழிந்த நாலாவது வரி ஒன்றும் உண்டு: கடைசிக் கோட்டை நம்பாதே. மீட்டர் என்றால் வண்டியின் முகப்பில் இருக்கும் பத்துக் கோடுகள்தான். நிறைந்திருந்தால் பச்சை, நடுவில் மஞ்சள், அடியில் சிவப்பு. மேல்கோடுகள் வெல்லக்கட்டி போல மெதுவாகக் கரையும், அடிக்கோடுகள் சரிவில் விட்ட பந்து போல ஓடும். இது ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ஒரு மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க ஊரில் கரண்ட் இல்லை. விடிந்து பார்த்தால் மேல்கொம்பையில் இருந்த ஒவ்வொருவரின் பிடரியிலும், முடி முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, அதே மாதிரிப் பத்துக் கோடுகள் இருந்தன.

வலிக்கவில்லை, அரிக்கவில்லை, சோப்புக்குப் போகவில்லை. முதலில் பார்த்தவள் வேனி, ஏனென்றால் அவள் கடைசி பெஞ்சு, கடைசி பெஞ்சுக்குத்தான் எல்லாருடைய கழுத்தும் தெரியும். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பியதும் வேனி எழுந்து நின்றாள்.

"டீச்சர், உங்க கழுத்துல சார்ஜ் காட்டுது."

"வாய மூடிட்டு உக்காரு."

"நெஜமா டீச்சர். ஏழு இருக்கு."

டீச்சர் திட்ட வாயெடுத்து, பக்கத்து வகுப்பு ஆசிரியர் வராந்தாவில் நடந்து போவதைப் பார்த்து, அவருடைய பிடரியைப் பார்த்து, வாயெடுத்தது எதற்கென்று மறந்துபோனார். இடைவேளைக்குள் பள்ளிக்கூடம் முழுவதும் வட்டமாக நின்று ஒருவர் கழுத்தை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் பார்த்தால் வெறும் தோல்தான் தெரிந்தது. போனில் படம் எடுத்தாலும் வெறும் தோல். இன்னொருவர் கண்ணால் பார்த்து வாயால் சொன்னால்தான் உண்டு. அரசு ஆஸ்பத்திரி டாக்டர் முதல் வாரம் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார், இரண்டாம் வாரம் அவரே நர்ஸிடம் குனிந்து காட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். பூசாரி விபூதி பூசிப் பார்த்தார், விபூதிக்கு மேலும் தெரிந்தது. சந்தைக்கு அரிசி ஏற்றி வந்த லாரிக்காரர்கள் மேல்கொம்பையில் ஒரு ராத்திரி தங்கினால் அவர்களுக்கும் வந்தது, மலை இறங்கினால் போய்விட்டது. ஊர் அதோடு வாழப் பழகிக்கொண்டது. அட்டைக்கும் பனிக்கும் காட்டெருமைக்கும் பழகின ஊருக்கு இது ஒரு பெரிய விஷயமா?

சலூன் கோபால், "ஷேவிங்கா, கோடு மட்டுமா?" என்று கேட்க ஆரம்பித்தார். கோடு மட்டும் என்றால் நாற்காலியில் உட்கார விடமாட்டார், நின்றபடியே குனியவேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணு ஜடைய கொஞ்சம் ஒதுக்கச் சொல்லுங்க" என்றால் பெண்ணின் சித்தி, "மொதல்ல மாப்பிள்ள மஃப்ளரக் கழட்டட்டும்" என்பாள். லைன் வீடுகளில் காலையில் குழாயடிக்குப் போகும் முன்னால் புருஷன் பெண்டாட்டி சண்டையே இதில்தான்.

"உங்களுக்கு எட்டு இருக்கு, போயி தண்ணி புடிச்சிட்டு வாங்க."

"எட்டா? எந்திரிக்கவே முடியல எனக்கு."

"பாத்தது நானா நீங்களா?"

எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, பொன்ராசு நின்றுபோகிற வரைக்கும்.

பொன்ராசு புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறவர், நாள் முழுக்க வாயில் விசில் இருக்கும். ஒரு மத்தியானம் ஐந்தாம் குழிக்குப் பக்கத்தில் விசில் நின்றது, வண்டி நின்றது, அவரும் நின்றார். மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது, இமைகூட அடித்தது, ஆள் மட்டும் உள்ளே இல்லை. கழுத்தில் ஒரு கோடும் இல்லை. தோளில் கை வைத்துத் தள்ளினால், நியூட்ரலில் விட்ட வண்டி மாதிரி நடந்தார், கையை எடுத்தால் நின்றார். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார்கள். தூங்கி எழுந்து பேசினார், கஞ்சி குடித்தார், பெண்டாட்டியை எப்போதும் போலத் திட்டினார். ஆனால் விசில் திரும்பி வரவில்லை. உதட்டைக் குவிப்பார், காற்று வரும், அவ்வளவுதான். அதற்கப்புறம் எவ்வளவு தூங்கினாலும் அவர் கழுத்தில் பத்து ஏறியதே இல்லை.

பிறகு பந்துமேட்டுக் கிளப்பின் சமையல்காரர் நின்றுபோய் வந்தார். அவருக்குச் சூடு குளிர் தெரிவது போயிற்று. பிறகு களை பிடுங்குகிற பாப்பாத்தி. அவள் நின்றுபோய், தூங்கி, எழுந்து, தலை சீவி, சட்டியில் இருந்த குழம்பைச் சுடவைத்து, பள்ளிக்கூடம் விட்டு உள்ளே வந்த தன் மகனைப் பார்த்து, "வாங்க தம்பி, யாரு வேணும்?" என்றாள். அவளுக்கு மற்ற எல்லாம் திரும்பி வந்திருந்தது, அந்த முகம் மட்டும் வரவில்லை. மகன் வேனிக்கு முன் பெஞ்சு. இன்றைக்கும் பாப்பாத்தி அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், மரியாதையாகத்தான் போடுகிறாள். எது திரும்பி வராது என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியவில்லை.

பந்துமேட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வண்டி மேட்டில் சார்ஜ் போய் நின்றுவிட்டால், ஷெட்டில் தொங்கும் தண்டவாளத்துண்டைச் சுத்தியலால் அடிப்பார்கள். சத்தம் கேட்டதும் ஓடுகிற வண்டி எதுவானாலும் நிற்கவேண்டும், அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு லைனே திரண்டு மேடேற வேண்டும். நின்ற வண்டியைப் பத்துப் பதினைந்து பேர் தள்ளிக்கொண்டு வருவார்கள், அதை ஓட்டினவள் களைச்செடி மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முன்னால் நடக்கவேண்டும். "மகராணி வர்றா, வழி விடு!" என்று கேலி செய்து வருஷம் பூராவும் ஓட்டுவார்கள். வண்டிக்குச் செய்ததை முதலில் மனுஷருக்கும் செய்தார்கள். பொன்ராசை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் பாப்பாத்தியைத் தள்ளப் போனதில் ஒருத்தர், தன் கழுத்தில் எத்தனை என்று தெரியாமல் முட்டித் தள்ளி, பாதி வழியில் அவரும் நின்றுபோனார். அதிலிருந்து சூப்பர்வைசர் ஆல்பர்ட் சட்டம் போட்டுவிட்டார்: தண்டவாளம் அடித்தால் அடித்தவர் உட்பட எல்லோரும் மஃப்ளரைக் கழற்றிக் கழுத்தைக் காட்டவேண்டும். நாலு கோட்டுக்குக் குறைந்தவர் தள்ளக்கூடாது. நாலுக்குக் குறைந்து வண்டி ஓட்டுகிறவர் அன்றோடு ஸ்டியரிங்கை விடவேண்டும், புல் வெட்டுகிறவரும் களை பிடுங்குகிறவரும் அந்த வேலையை விடவேண்டும், திரும்ப வாங்க முடியாது.

நல்லதற்குப் போட்ட சட்டம்தான். ஆனால் மலையில் மஃப்ளர் இல்லாத கழுத்து ஏது? அன்று முதல் மஃப்ளர்கள் தடித்தன. நாலு கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் சந்தேகம் இருந்தது. யாராவது நின்றுபோனால் வீட்டார் இருட்டும்வரை காத்திருந்து, போர்வையைப் போர்த்தி, சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போனார்கள். தண்டவாளத்தை அடிக்க ஆளில்லை. அதன்மேல் சிலந்தி கூடு கட்டியது.

வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும் தப்ப முடியாது. காலையில் ஆல்பர்ட் முன்னால் கோடு சொல்லியாகவேண்டும். யார் பார்த்துச் சொல்வது என்று பேச்சு வந்தபோது, தினமும் பெண்கள் கழுத்தை ஆல்பர்ட் எட்டிப் பார்ப்பது முறையில்லை, புருஷன் சொன்னால் கூட்டிச் சொல்வான், மாமியார் சொன்னால் குறைத்துச் சொல்வாள், குழந்தைகளுக்குத்தான் பொய் சொல்லத் தெரியாது, குழந்தையே பார்க்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். இதைக் கேட்டுக் கடைசி பெஞ்சு சிரித்தது.

இப்படியாகத் தினமும் பள்ளிக்கூடம் போகிற வழியில் வேனி ஷெட்டுக்கு வருவாள். பவுனம்மாள் உயரம். வேனி ஒரு மர ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஏறி, அம்மாவின் மஃப்ளரை விலக்கி, உரக்கச் சொல்லுவாள். முதல் மாதங்களில் எட்டு, ஏழு, மறுபடி எட்டு. ராத்திரி படுக்கையில் அம்மா அவள் கழுத்தைப் பார்ப்பாள். "பத்து கண்ணு. பத்தேதான்." அதைக் கேட்டுவிட்டு வேனி தூங்கிப்போவாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், வேனி தூங்கிவிட்டாள் என்று நினைத்து அம்மா போனில் அப்பாவோடு பேசினாள். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். "வண்டி போச்சுன்னா இங்க எனக்கு என்ன இருக்கு? நானும் அங்கயே வந்துர்றேன். பிள்ளைய ஹாஸ்டல்ல போட்டுரலாம்" என்றாள். மறுநாள் காலை வேனி ஸ்டூலில் ஏறி மஃப்ளரை விலக்கினாள். மூன்று கோடு. மஞ்சள் முடிந்து சிவப்பு தொடங்குகிற மூன்று.

"பவுனு, உன் ஆளு வாயத் தொறக்கலையே" என்றார் ஆல்பர்ட்.

"ஆறு!" என்றாள் வேனி.

அம்மாவின் தோள் நிமிர்ந்தது. அதுதான் வேனியை பயமுறுத்தியது. ஆல்பர்ட்டை ஏமாற்றத்தான் அவள் ஆறு என்றாள், அம்மாவும் நம்புவாள் என்று அவள் யோசிக்கவே இல்லை. ஆறு இருக்கிறது என்று நம்பின அம்மா, ஆறு இருக்கிறவள் செய்கிற வேலையை எல்லாம் செய்தாள். மத்தியானம் இன்னொருத்தியின் முறையையும் தானே ஓட்டினாள். சாயங்காலம் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கவும் போனாள். "உடம்பு என்னமோ கல்லக் கட்டிவிட்ட மாதிரி இருக்கு. ஆனா கோடு ஆறு காட்டுதே, சோம்பேறித்தனம்தான்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று வேனி நினைப்பாள். ஸ்டூலில் ஏறியதும் வாய் ஆறு என்றுவிடும்.

பந்துமேட்டில் தை மாதத்தில் பெரிய போட்டி நடக்கும். அன்றைக்கு வேனி ஷெட்டுக்குப் போகிற வழியில் காவல்காரர் சூசை தன் கொட்டகை வாசலில் கங்கு மூட்டி, நல்லாத் தூங்கி எழுந்த முகத்தோடு, கையில் டீயோடு உட்கார்ந்திருந்தார். அவர் தனி ஆள், கழுத்துப் பார்க்க வீட்டில் யாரும் இல்லை. சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் ஒன்பது குழிக் கொடிகளையும் பிடுங்கிக் கட்டிக் கீழே கொண்டுவருவது அவர் வேலை.

"பாப்பா, வா வா. இந்தக் கெழவனுக்கு எத்தனன்னு பாத்துட்டுப் போ. இன்னைக்கு நடை ஜாஸ்தி."

வேனி பார்த்தாள். "ஒம்பது மாமா!"

"ஒம்பதா! அடி சக்க. அப்ப நானே பந்தடிக்கலாம் போலயே."

அவள் பொய் சொல்லவில்லை. ஒன்பது கோடு பச்சையாக இருந்தது. ஆனால் அது தூங்கி எழுந்த சூட்டில், கங்கின் பக்கத்தில், டீ உள்ளே இறங்கின நேரத்தில் பார்த்த ஒன்பது. சுவரில் இரண்டாவது வரி என்ன சொன்னதென்று அவளுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

ஷெட்டில் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அம்மா கழுத்தில் இரண்டு. "ஆறு!" என்றாள். பள்ளிக்கூடம் போனாள்.

சாயங்காலம் பள்ளி விட்டு அவள் ஷெட்டுக்கு வந்தபோது போட்டி முடிந்துவிட்டிருந்தது. கோப்பை வாங்கினவர்களும் வாங்காதவர்களும் காரேறிப் போய்விட்டார்கள், ஆல்பர்ட் அவர்களை வழியனுப்ப டவுனுக்குப் போய்விட்டார், மற்ற மூன்று வண்டிகளும் அடியோடு தீர்ந்து அப்போதுதான் சார்ஜில் மாட்டப்பட்டிருந்தன, அவற்றை ஓட்டினவர்கள் குளிருக்குப் பயந்து லைனுக்கு இறங்கிவிட்டார்கள். அம்மாவின் வண்டி மட்டும் வெளியே நின்றது. கீழே வாசல் கேட்டில் விட்டுப்போன தண்ணீர்க் கேன்கள் இரண்டை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு பவுனம்மாள் மேடேறி வந்தாள், இறக்கி வைத்தாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள், நிமிர்ந்தவள் அப்படியே மேலே பார்த்தபடி நின்றாள்.

"கொடி எறங்கலையே" என்றாள்.

வேனியும் பார்த்தாள். எட்டுக் குழியிலும் கொடி இல்லை. உச்சியில் ஒன்பதாம் குழியில் மட்டும் சிவப்புக் கொடி நின்றது. அதன் பக்கத்தில், பிடுங்கின கொடிகளைக் கைக்குள் அணைத்தபடி, ஓர் உருவம் நின்றது. பவுனம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினாள். "சூசையண்ணே! ஏ, சூசையண்ணே!" அந்த உருவம் அசையவில்லை.

வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. தை மாதத்தில் மேகமில்லாமல் பொழுது சாய்ந்தால் உறைபனி என்று மேல்கொம்பையில் குழந்தைக்கும் தெரியும். போன மாதம், மார்கழியில், ஒருத்தர் வெளியே நின்றுபோய், தேடிப் போன வீட்டாருக்கு இடம் தெரியாமல், விடிந்தபோது புல்லோடு புல்லாக வெளுத்து நின்றார். பொன்ராசுக்கு விசில் போயிற்று, சமையல்காரருக்குச் சூடு குளிர் போயிற்று, பாப்பாத்திக்கு முகம் போயிற்று. அவருக்கு எதுவுமே திரும்பவில்லை. பள்ளத்தில் இருந்த முதலாம் குழியின் புல்நுனிகள் இப்போதே உப்புத் தூவின மாதிரி வெளுக்கத் தொடங்கியிருந்தன.

பவுனம்மாள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். முகப்பு மீட்டரைத் துடைத்துப் பார்த்தாள்.

"மூணு இருக்கு. வண்டி வந்து நின்னு நேரமாச்சு, இது நின்னு பாத்த மூணு, மெய்யான மூணு. ஏறிரும். எறக்கத்துக்குக் கரண்டே வேண்டாம்."

"உனக்கும்மா?" என்றாள் வேனி.

"எனக்கென்ன? காலைல ஆறு சொன்ன. ரெண்டு போயிருந்தாலும் நாலு இருக்குமில்ல."

வேனி மஃப்ளரைச் சரி செய்கிறவள் மாதிரி வண்டியின் பின்னால் ஏறி நின்றாள். விலக்கினாள். ஒரே ஒரு கோடு. சிவப்பு. அதுவும் திரி தீர்ந்த விளக்கு மாதிரி ஒரு நிமிஷம் இருந்தது, ஒரு நிமிஷம் இல்லை.

இப்போதுதான் கேனைத் தூக்கி மேடேறி வந்த கழுத்து, குறைத்துத்தான் காட்டும், என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆறவிட்டுப் பார்த்தால் இரண்டாக இருக்கலாம். மூன்றாகக்கூட இருக்கலாம். மூன்று இருந்தால் போய் வந்துவிடலாம். ஒன்றுதான் என்றால், மேட்டுப் பாதையில் இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள் அம்மா நின்றுபோவாள், ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே நின்றுபோவாள், வண்டி என்ன ஆகும் என்று தெரியாது. கடைசிக் கோட்டை நம்பாதே என்று சுவர் சொன்னது.

"அம்மா, கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போம்மா."

"உக்கார நேரமேது?"

"ஒரு டீ குடிக்கற நேரம். ஆற விட்டுப் பாத்துர்றேன்."

"அங்க மனுசன் வெறச்சுக்கிட்டு நிக்கறாரு, உனக்கு இப்ப டீயா? எறங்கு."

"அப்ப நானும் வர்றேன்."

"ஏத்தத்துல உன் எடையும் எடைதான்டி. வண்டி குடிச்சுரும். எறங்கு சாமி, சொன்னா கேளு."

வேனி இறங்கினாள். அவள் கண் ஷெட்டின் உத்தரத்துக்குப் போனது. அங்கே தண்டவாளத்துண்டு சிலந்திக்கூட்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டாள்.

"அதப் பாக்காத. அது அடிச்சா லைன் பூரா வரணும், வந்தவங்க பூரா கழுத்தக் காட்டணும். எத்தன வீட்டுல என்ன மறச்சு வெச்சிருக்காங்களோ. பாவம்டி. பாப்பாத்திய நெனச்சுப் பாரு, அவளுக்கு இருக்கறதே அந்தக் களை வேலதான். நம்ம கழுத்துல நாலாவது இருக்கு, நம்மளே போயி கூட்டிட்டு வந்துரலாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

"அம்மா, காலைல..."

"காலைல என்ன?"

அம்மாவின் முகம் மேட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி இருந்தது. வேனிக்கு அந்த முகம் அன்று ராத்திரி வீட்டில் பாயைவிட்டு எழுந்து, தலை சீவி, தன்னைத் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. யாரு பாப்பா வேணும், என்று அது மரியாதையாகக் கேட்டது. அப்புறம் அவளுக்கு இன்னொன்றும் தோன்றியது, இதுவரை ஒருநாளும் தோன்றாதது: ராத்திரி தோறும் அம்மா சொன்ன பத்து, மெய்யாகவே பத்துதானா?

"ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

பவுனம்மாள் சாவியைத் திருப்பினாள். வண்டிக்குச் சத்தம் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் சரளைக்கல் நெரிவதுதான் கேட்கும். அது நெரிந்தது. வண்டி ஷெட் வாசலைத் தாண்டியது, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது, மேட்டுப் பாதையின் அடியில் மூக்கை உயர்த்தியது. அம்மாவின் கழுத்தில் மஃப்ளர் சரியாகக் கட்டாமல் ஒரு முனை காற்றில் ஆடிக்கொண்டு போனது. மேலே சிவப்புக் கொடி கறுக்க ஆரம்பித்திருந்தது. கீழே லைன் வீடுகளில் அடுப்புப் புகை கூரைக்கு மேல் எழும்பாமல் குளிரில் படுத்துக் கிடந்தது; உள்ளே எல்லோரும் கழுத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வேனி தன்னுடைய மஃப்ளரை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். ஸ்டூலைத் தண்டவாளத்துக்கு அடியில் இழுத்துப் போட்டு ஏறினாள். சுத்தியலை எடுத்தாள். அடித்தாள்.